மலேசியாவில் மாமன்னரும் இருக்கிறார், பிரதமரும் இருக்கிறார். ஆட்சி உண்மையில் யார் கையில்?

கூடவே, கொடியிலும் அரசுச் சின்னத்திலும் இருப்பவை எதைக் குறிக்கின்றன என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் இங்கேயே பிறந்து, தமிழ்ப்பள்ளியில் படித்து வளர்ந்தவன். இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான்: 13 மாநிலங்கள் சேர்ந்த கூட்டரசு இது. அவற்றில் ஒன்பதில் இன்றும் பரம்பரை அரியணை உண்டு.

அன்றாட ஆட்சி பிரதமர் கையிலும் அமைச்சரவை கையிலும்தான். 222 பேர் கொண்ட மக்களவையில் பெரும்பான்மை ஆதரவு யாருக்கு உண்டோ அவர் பிரதமர். இந்தியக் குடியரசுத் தலைவரைப் போல, மாமன்னரும் பெரும்பாலும் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர். நாடாளுமன்றமும் அரண்மனையும் கோலாலம்பூரில் இருக்கின்றன, பிரதமர் அலுவலகம் புத்ராஜெயாவில்.

மாமன்னர் எப்படி வருகிறார் என்பதுதான் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத ஏற்பாடு. ஒன்பது மாநில ஆட்சியாளர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆட்சியாளர்கள் மாநாட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்குச்சீட்டு தருவார்கள். அதில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். வரிசைப்படி யாருடைய முறையோ, அவர் ஏற்றவரா இல்லையா என்று மட்டும் குறிக்க வேண்டும். சீட்டில் எண் கிடையாது. யார் எப்படி வாக்களித்தார் என்று தெரியக் கூடாது என்பதற்காக எல்லாரும் ஒரே வகைப் பேனாவைத்தான் பயன்படுத்துவார்கள். ஐந்து வாக்கு கிடைத்தால் போதும். முடிவு தெரிந்ததும் சீட்டுகளை அழித்துவிடுவார்கள். பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் ஆகிய நான்கில் அரச பரம்பரை இல்லை, ஆளுநர்கள்தான். அவர்கள் மாநாட்டில் உட்காரலாம், ஆனால் இந்த வாக்கு அவர்களுக்கு இல்லை.

1957-இல் நெகிரி செம்பிலானில் தொடங்கிய சுற்று இது. கெடா சுல்தான் அப்துல் ஹலிம் இரண்டு முறை மாமன்னராக இருந்தார். 2024 ஜனவரி 31 முதல் ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் மாமன்னர். அவர் மாமன்னராக இருக்கும் காலத்தில் சொந்த மாநிலத்தை இடைக்கால ஆட்சியாளர் ஒருவர் பார்த்துக்கொள்வார்.

இதெல்லாம் வெறும் சடங்கு என்று சிலர் எழுதுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிரதமரை நியமிப்பதிலும், நாடாளுமன்றத்தைக் கலைக்கக் கேட்டால் மறுப்பதிலும் மாமன்னர் தம் சொந்த முடிவுப்படி நடக்கலாம் என்று அரசியலமைப்பே சொல்கிறது. 2020 பிப்ரவரியில் பிரதமர் மகாதீர் விலகியதும், யாருக்குப் பெரும்பான்மை என்று அறிய மக்களவை உறுப்பினர்களை அரண்மனைக்கு வரவழைத்து, இரண்டு நாள் ஒவ்வொருவராகச் சந்தித்துக் கேட்டார் அப்போதைய மாமன்னர். 2022 நவம்பர் 19 தேர்தலில் எந்தக் கூட்டணிக்கும் பெரும்பான்மைக்குத் தேவையான 112 இடம் வரவில்லை. நாடே காத்துக் கிடந்தது. கட்சித் தலைவர்களை அழைத்துப் பேசி, மற்ற ஆட்சியாளர்களையும் கலந்தாலோசித்த பிறகு, 24-ஆம் தேதி அன்வார் இப்ராஹிமைப் பிரதமராக நியமித்தார். அந்த ஐந்து நாளும் வன்முறை இல்லாமல் கழிந்ததில் அரண்மனைக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, கொடிக்கு வருவோம். சிவப்பு வெள்ளைக் கோடுகள் 14, நட்சத்திரத்துக்கு முனைகள் 14. பொதுப்பணித் துறையில் வேலை பார்த்த முகமது ஹம்சா வரைந்து 1950-இல் ஏற்கப்பட்டபோது இரண்டும் பதினொன்றாகத்தான் இருந்தன. 1963-இல் சிங்கப்பூர், சபா, சரவாக் சேர்ந்ததும் 14 ஆயின. 1965-இல் சிங்கப்பூர் பிரிந்தது. ஆனால் கோட்டைக் குறைக்கவில்லை, பதினான்காவது இப்போது கூட்டரசுக்கு உரியது. பிறையும் நட்சத்திரமும் மஞ்சளாக இருப்பது, அது அரசர்களின் நிறம் என்பதால்.

அரசுச் சின்னத்தில் இரண்டு புலிகள் ஒரு கேடயத்தைத் தாங்கி நிற்கும். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மேலே ஐந்து கிரிஸ் கத்திகள் ஜொகூர், கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு மாநிலங்களுக்கு. நடுவில் உள்ள நான்கு நிறங்கள் பேராக், சிலாங்கூர், பகாங், நெகிரி செம்பிலானுக்கு. ஓரத்தில் பினாங்குக்குப் பாக்குமரம், மலாக்காவுக்கு ஒரு மரம். அந்த மலாக்கா மரம் வேறொன்றுமில்லை, நம் நெல்லிதான்! கீழே சபா, சரவாக் சின்னங்களுக்கு நடுவே செம்பருத்தி.

செம்பருத்தி 1960-இலேயே தேசிய மலர் ஆகிவிட்டது. அதன் ஐந்து இதழ்களும் ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகள் என்பது பின்னால் வந்த விளக்கம், ஏனென்றால் ருக்குன் நெகாரா பிறந்ததே 1970-இல்தான். 1969 மே 13 இனக்கலவரத்துக்குப் பிறகு, மீண்டும் ஒன்றாக வாழ்வதற்கு எழுதப்பட்ட உறுதிமொழி அது. பள்ளிச் சபைகூடலில் நாட்டுப்பண்ணான ‘நெகாராகூ’ பாடிவிட்டு அதைச் சொல்வோம். இறை நம்பிக்கைக்கு அடுத்ததாக, மாமன்னருக்கும் நாட்டுக்கும் விசுவாசம் என்று வரும். நாட்டுப்பண்ணின் மெட்டுகூட பேராக் மாநிலப் பண்ணிலிருந்து எடுத்ததுதான்.

இங்கே வருபவர்கள் ரிங்கிட் தாளில் இருக்கும் முகத்தைப் பார்த்து முதல் பிரதமர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர் முதல் மாமன்னர், நெகிரி செம்பிலானின் துவாங்கு அப்துல் ரஹ்மான். முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் கெடா அரச குடும்பத்தவர், வேறு ஆள். மாமன்னர்கள் மாறிக்கொண்டே வந்தாலும் தாளில் அந்த முதல் மாமன்னரின் முகத்தை மாற்றவில்லை.