வாயு இருந்தும் விண்மீன் பிறக்காதது ஏன்?

கேள்வி: கருந்துளைப் படத்தால் பெயர்பெற்ற எம்87 பேரடையில் புதிய விண்மீன்கள் ஏறக்குறைய பிறப்பதே இல்லை என்கிறார்களே, அங்கிருந்த வாயு முழுவதும் தீர்ந்துவிட்டதா? நமது பால்வீதிக்கும் இதே நிலை வருமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: வாயு தீரவில்லை என்பதுதான் இதில் வியப்பு. சுமார் 5.4 கோடி ஒளியாண்டுத் தொலைவில், கன்னிப் பேரடைக் கொத்தின் நடுவே உள்ள எம்87-ஐச் சூழ்ந்து ஏராளமான வாயு பரவியிருப்பதை எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிகள் காட்டுகின்றன. ஆனால் அதன் வெப்பநிலை கோடிக்கணக்கான டிகிரி. வாயு ஏறத்தாழ மைனஸ் 260 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்து, தன் ஈர்ப்பினாலேயே சுருங்கினால்தான் விண்மீன் உருவாகும்; கொதிக்கும் வாயுவின் அழுத்தம் அதற்கு இடங்கொடாது.

எக்ஸ் கதிர்களாக ஆற்றலை இழந்துகொண்டிருக்கும் வாயு என்றேனும் குளிர்ந்துதானே ஆக வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். மையப் பகுதியில் அதற்கு 100 கோடி ஆண்டுகள்கூடத் தேவையில்லை. குளிரவிடாமல் தடுப்பது, 2019-இல் படம் வெளியான அதே கருந்துளைதான். சூரியனைப்போல் 650 கோடி மடங்கு நிறையுள்ள அதன் அருகிலிருந்து ஆயிரக்கணக்கான ஒளியாண்டு நீளத்துக்குப் பீறிடும் தாரை (அதிவேகத் துகள்களின் ஓடை), சுற்றியுள்ள வாயுவில் பெருங்குமிழிகளை ஊதி, அதிர்வலைகளை எழுப்பி, இழந்த வெப்பத்தை ஈடுகட்டுகிறது. வாயு சற்றே குளிர்ந்து உள்ளே விழுந்தால் கருந்துளைக்குத் தீனி கூடும். தாரை வலுத்து, வாயு மீண்டும் சூடேறும். 1918-இல் அமெரிக்க வானியலாளர் ஹீபர் கர்ட்டிஸ் இத்தாரையை ஒரு விசித்திரமான நேர்க்கதிர் என்று குறித்தபோது, அது ஒரு பேரடையின் போக்கையே தீர்மானிக்கும் என்று எவரும் எண்ணியிருக்க முடியாது.

எம்87 மஞ்சளாகத் தெரிவதற்கும் இதுவே காரணம். நிறைமிக்க நீல விண்மீன்கள் சில கோடி ஆண்டுகளுக்குள் மடிந்துவிட, அவற்றின் இடத்தில் புதியவை பிறக்காததால், நீண்ட ஆயுளுள்ள மஞ்சள், சிவப்பு விண்மீன்களே எஞ்சுகின்றன. எல்லாப் பேரடைகளும் இவ்வழியில் ஓய்வதில்லை: கொத்துக்குள் விரைந்து விழும் சுருள் பேரடைகளின் வாயுவை அங்குள்ள வெப்ப வாயுவே உரித்தெடுத்துவிடுவதும் உண்டு.

பால்வீதியில் இன்றும் ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு சூரிய நிறை அளவுக்கு விண்மீன்கள் உருவாகின்றன. வெளியிலிருந்து புதிய வாயு வராவிட்டால், கையிருப்பு சில நூறு கோடி ஆண்டுகளில் பெருமளவு கரைந்துவிடும். அண்டைப் பேரடையான ஆந்த்ரோமெடாவுடன் மோதி நம் பேரடை ஓயும் என்று பலரும் உறுதியாக எழுதிவந்தார்கள். ஆனால் 2025-இல் வெளியான கணிப்புகளின்படி, அடுத்த 1,000 கோடி ஆண்டுகளில் அம்மோதல் நிகழும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிதான்.