ஒரு நாடு வெளிநாட்டினரை உண்மையில் வரவேற்கிறதா என்று எதை வைத்து அறிவது?

சுற்றுலா விசா எளிதாகக் கிடைப்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். அது செலவு செய்ய வருபவருக்கான வரவேற்பு. தங்க வருபவருக்குக் கணக்கே வேறு.

முதலில் பார்க்க வேண்டியது வேலை உரிமை. பிரிட்டனில் தஞ்சம் கேட்டவர், 12 மாதமாகியும் முடிவு வராவிட்டால்தான், அதுவும் தாமதம் அவரால் நேரவில்லை என்றால்தான், வேலை அனுமதி கேட்கலாம். கிடைத்தாலும் குறிப்பிட்ட சில வேலைகள் மட்டுமே. அதுவரை அரசு தரும் சிறு தொகைதான். கைத்தொழில் தெரிந்தவரும் முடங்கிப்போகிறார். உகாண்டா பணக்கார நாடல்ல. ஆனாலும் அதன் 2006 அகதிகள் சட்டம் வேலை செய்யவும் நாட்டுக்குள் நடமாடவும் உரிமை தருகிறது. அகதிகளுக்கான குடியிருப்புப் பகுதிகளில் பயிரிட நிலமும் ஒதுக்குகிறார்கள். ஆட்கள் பெருகப் பெருக அந்தத் துண்டு நிலம் சுருங்கிவருவது உண்மையான சிக்கல்.

அகதிகளின் உரிமைகளை வகுக்கும் ஐ.நா.வின் 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்து இருக்கிறதா என்பதும் முக்கியம். இந்தியா அதில் சேரவில்லை. திபெத்தியருக்கும் இலங்கைத் தமிழருக்கும் இடம் கொடுத்தது. ஆனால் தனி அகதிச் சட்டம் இல்லாததால் எல்லாம் அரசாணைகளை நம்பியே நடக்கிறது. முகாமில் பிறந்து வளர்ந்த பலருக்கு இன்னும் குடியுரிமை இல்லை. இது பெரிய அநியாயம்.

குடியேற வருபவர்களுக்கான குடியுரிமை விதியையும் படியுங்கள். கனடாவில் நிரந்தரவாசி, விண்ணப்பத்துக்கு முந்தைய 5 ஆண்டுகளில் 1,095 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் பயணங்களைத் தேதியோடு குறித்து வைக்காதவர்கள் இந்தக் கணக்கில்தான் சிக்குகிறார்கள்.