அம்மா இனியும் தனியாக இருக்கலாமா?

வாசகர் கடிதம்:

வணக்கம். என் அம்மாவுக்கு 79 வயது. அப்பா போன பிறகு தனியாகத்தான் இருக்கிறார். போனில் எப்போது கேட்டாலும் "நல்லாத்தான் இருக்கேன்" என்பார். போன மாதம் போய்ப் பத்து நாள் தங்கினேன். புதன்கிழமை மாத்திரை டப்பாவைத் திறந்தால் திங்கள், செவ்வாய்க் கட்டங்களில் மாத்திரை அப்படியே கிடக்கிறது, சனிக்கிழமைக் கட்டம் காலி. குளிக்கச் சொன்னால் பேச்சை மாற்றுகிறார். "வயசானா அப்படித்தான்" என்கிறார் அண்ணன். இனி அம்மாவைத் தனியாக விடக்கூடாது என்று எதை வைத்து முடிவு செய்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

"வயசானா அப்படித்தான்" என்பதை நான் ஏற்கவில்லை. பழகிய காரியம் ஒன்று சில மாதங்களில் தடுமாறத் தொடங்கினால் அதற்குக் காரணம் இருக்கும். தைராய்டு குறைவு, பி12 குறைவு, காது மந்தம், துணையை இழந்த பின் வரும் மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பக்கவிளைவு எல்லாமே மறதி நோய் போலத் தோன்றக்கூடும். இவற்றில் பலவற்றுக்கு வைத்தியம் உண்டு. ஓரிரு நாளில் திடீரென்று குழம்பிப் போனால் அது அவசரம். சிறுநீர்த் தொற்றோ உடம்பில் நீர் வற்றியதோகூடக் காரணமாக இருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். ஆகவே வீடு மாற்றும் பேச்சுக்கு முன்னால் டாக்டர். அம்மா தானாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரைகள் உட்பட எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். ரத்த அழுத்த மாத்திரையை ஒருநாள் விட்டு இன்னொரு நாள் இரண்டாகப் போட்டால், எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழ வாய்ப்புண்டு.

குளியலுக்கு வருகிறேன். சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1963-ல், ஒருவர் அன்றாடக் காரியங்களைத் தானே செய்துகொள்கிறாரா என்று பார்க்கும் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய் வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, மலஜலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது என்று ஆறு காரியங்கள். இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். பெரும்பாலோருக்கு முதலில் கைவிட்டுப் போவது குளியல், கடைசியில் சாப்பிடுவது. பணக் கணக்கு, மருந்து, கடைக்குப் போவது எல்லாம் குளியலுக்கும் முன்னாலேயே தடுமாறிவிடும். உங்கள் அம்மாவைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். ஈரத் தரையில் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பாதம் தேய்க்கக் குனிய வேண்டும். அந்தப் பயத்தைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் பலரும் பேச்சை மாற்றுகிறார்கள்.

இப்போது உங்கள் கேள்வி. என்ன உதவி தேவை என்பதோடு, எந்த நேரத்தில் தேவை என்றும் பாருங்கள். மாத்திரை, குளியல், துணி, பணம் இதற்கெல்லாம் நேரம் குறிக்கலாம். காலையில் ஒருவர் வந்து போனால், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டால், இன்னும் நெடுநாள் அதே வீட்டில் இருக்கலாம். நேரம் குறிக்க முடியாத தேவைகள் வேறு. ராத்திரி கழிப்பறைக்கு எழுந்து விழுவது, அடுப்பை எரியவிட்டுப் படுப்பது, வெளியே போய் வழி தெரியாமல் நிற்பது, விழுந்த இடத்தில் யாரையும் கூப்பிடத் தோன்றாமல் கிடப்பது. இவற்றில் ஒன்று வந்துவிட்டாலும், டாக்டர் பார்த்துச் சரியாகும்வரை தனியாக விடக்கூடாது என்பேன். சரியாகாது என்றால் உங்கள் வீடா, கூடவே தங்கும் ஆளா, முதியோர் இல்லமா என்று உடனே பேசி முடிவெடுங்கள். இதில் தள்ளிப்போட எதுவும் இல்லை.

நடையையும் பாருங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், விழும் அபாயம் இருப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் நின்றுகொண்டு செய்யச் சொல்லுங்கள்.

அண்ணனிடம் வாதாட வேண்டாம். அவரையும் ஒரு வாரம் ராத்திரி அங்கே தங்கச் சொல்லுங்கள். பிள்ளை வந்த ஒன்றிரண்டு நாள் எந்த அம்மாவும் இழுத்துப் பிடித்துச் சமாளித்துவிடுவார், அதற்கப்புறம்தான் தெரியும்.

முடிவை அம்மாவின் முதுகுக்குப் பின்னால் எடுக்காதீர்கள். அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் பேசுங்கள். "தனியா இருக்க முடியுமா?" என்றால் முடியும் என்றுதான் சொல்வார். "ராத்திரி எழுந்திருக்கப் பயமா இருக்காம்மா?" என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லும்வரை பொறுத்திருங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.