வெள்ளைய கடைசில அடிங்க: சேலத்து சாமான்ல ஒரு உறைஞ்சு போன நகரம்

சேலம் அம்மாப்பேட்டையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. ப்ரெண்ட்ஸ் நாலு பேர் சேர்ந்து மினியேச்சர் பொம்மை வெச்சு ஆடுற பேன்டசி வார்கேம் ஆரம்பிச்சிருக்காங்களாம். உறைஞ்சு கிடக்குற பழைய நகரத்துக்குள்ள மந்திரவாதிங்க ஆளுங்களோட புகுந்து புதையல் தேடுற கதை, 3 அடிக்கு 3 அடி மேசை. தெர்மாகோல்ல சுவர் வெட்டி ஸ்ப்ரே கேன் அடிச்சதுல பாதி கரைஞ்சு போச்சு, மிச்சத்துக்கு வெள்ளை அடிச்சு பெவிகால் தடவி பேக்கிங் சோடா தூவினதுல அது மஞ்சளாயிடுச்சு. "அண்ணா, பனி மாதிரியே இல்ல, சுண்ணாம்பு அடிச்ச வீடு இடிஞ்ச மாதிரி இருக்கு. லீவுக்கு ஏற்காட்டுல மாமா வீட்டுக்கு பஸ்ல எடுத்துட்டு போய் ஆடணும், இங்க கிடைக்குற சாமான்லயே எப்படி பண்றது?"ன்னு கேக்குறாரு.

தம்பி, சுண்ணாம்பு மாதிரி இருக்குன்னு நீங்களே சொல்லிட்டீங்க, கோளாறு அங்கதான். வெள்ளைய முதல்லயே அடிச்சுட்டீங்க. கல்லு எவ்ளோ இருட்டா இருக்கோ அவ்ளோ தான் பனி வெளுப்பா தெரியும். அதனால முதல்ல பனியே இல்லாத ஒரு பாழடைஞ்ச கருங்கல் ஊரை முழுசா கட்டி, பெயின்ட் பண்ணி, அப்படியே ஆடலாம்ங்குற அளவுக்கு முடிச்சுடுங்க, அப்புறம் தான் பனி டப்பாவையே தொறக்கணும்.

கரைஞ்சு போனதுக்கு காரணம் சிம்பிள். ஸ்ப்ரே கேன்ல அசிட்டோன், டொலுயீன் மாதிரி சால்வென்ட் இருக்கும், அது பாலிஸ்டைரீனை தின்னுடும். வெள்ளை தெர்மாகோலும் பாலிஸ்டைரீன் தான், பிங்க் இல்லன்னா நீலக் கலர்ல வர்ற எக்ஸ்பிஎஸ் போர்டும் (மணி மணியா இல்லாத கெட்டி ஃபோம் பலகை) அதே தான். செருப்புக்கு ஒட்டுற ரப்பர் பசையும் ஆகாது. பெவிகால் போதும், காயுற வரைக்கும் குண்டூசி குத்தி வைங்க.

முடிஞ்சா எக்ஸ்பிஎஸ் தேடுங்க. மொட்டை மாடிக்கு ஹீட் இன்சுலேஷன் பண்றவங்க, கோல்ட் ஸ்டோரேஜ் வேலை எடுக்குறவங்க கிட்ட வெட்டின துண்டு கிடக்கும், கேட்டுப் பாருங்க. வெள்ளை தெர்மாகோல்ல கோடு போட்டா மணி மணியா உதிரும், எக்ஸ்பிஎஸ்ல பால்பாயின்ட் பேனாவால அழுத்தினா கல்லு இடுக்கு அப்படியே விழும். கிடைக்கலன்னா சுவருக்கு உள்ள தெர்மாகோல், வெளிப்பக்கம் ரெண்டு சைடும் பிளெக்ஸ் பேனர் கடைல மிஞ்சுற சன்போர்டு (பேனர் ஒட்டுற மெல்லிசான ஃபோம் அட்டை) துண்டுன்னு ஒட்டிக்கலாம், கொஞ்சம் வேலை ஜாஸ்தி ஆனா உறுதியா இருக்கும். எக்ஸ்பிஎஸ்ல கோடு போட்டதும் அலுமினியம் பாயிலை கசக்கி உருண்டையாக்கி சுவர் மேல அழுத்தி உருட்டுங்க, கல்லோட சொரசொரப்பு வந்துடும். இடிஞ்ச ஓரத்தை மட்டும் பிளேடால வெட்டாதீங்க, கையால பிச்சு விடுங்க, வெட்டின இடிபாடு தூரத்துல இருந்தே காட்டிக் குடுத்துடும். பொடி ரம்பம், ஊசி அரம், கம்பி பிரஷ் எல்லாம் வேணும்னா ஆன்லைன்ல தேட வேண்டாம், செவ்வாப்பேட்டை பக்கம் கொலுசுப் பட்டறைக்கு டூல்ஸ் விக்கிறவங்க கிட்ட விசாரிங்க, நம்ம ஊருக்கு அந்த வசதி இருக்கு, யூஸ் பண்ணிக்கணும்ல.

சைஸ் விஷயத்துல நிறைய பேர் அழகைப் பார்த்து ஆட்டத்தை விட்டுடுறாங்க. 28 மிமீ பொம்மைன்னா அடியில 25 மிமீ வட்டம் இருக்கும், கதவு 35 மிமீ அகலமாவது வேணும். ஒரு மாடிக்கு 3 இஞ்ச் உயரம், படிக்கட்டுல பொம்மை நிக்கணும்னா படி அகலமும் 25 மிமீக்கு மேல. நாலு சுவரும் மூடின கட்டடம் பண்ணாதீங்க, கை உள்ள போகாது. ரெண்டு சுவர் சேர்ந்த மூலை, அதுல அரைகுறையா ஒரு மேல்தளம், இந்த மாதிரி துண்டு தான் பாதிக்கு மேல இருக்கணும். வில்லுக்காரன் 24 இஞ்ச் சுடுற ஆட்டத்துல 36 இஞ்ச் மேசை காலியா கிடந்தா மந்திரவாதி ரெண்டாவது ரவுண்டுலயே காலி. நேர்கோட்டுல ஒரு அடிக்கு மேல பார்வை போகாத மாதிரி அடுக்கிப் பாருங்க, பெயின்ட் பண்றதுக்கு முன்னாடியே.

பெயின்ட்டுக்கு சின்ன ஆக்ரிலிக் ட்யூப் வாங்கி காசை கரைக்காதீங்க. சுவருக்கு அடிக்குற வெள்ளை எமல்ஷன் ஒரு சின்ன டப்பா, அதுல கலர் கலக்குற ஸ்டெய்னர் கருப்பு ஒண்ணு, நீலம் ஒண்ணு, பெயின்ட் கடைலயே கிடைக்கும். முதல் கோட் எமல்ஷன், கருப்பு ஸ்டெய்னர், பெவிகால் மூணும் கலந்து, அடிப்பக்கம் உட்பட இண்டு இடுக்கு விடாம பிரஷ்ல அடிங்க, இது தான் தோல். அது மேல நீலம் கலந்த இருண்ட சாம்பல், காஞ்சதும் வெளுத்த சாம்பலை பிரஷ்ல தொட்டு பேப்பர்ல துடைச்சுட்டு மேலாப்புல தடவுங்க. செங்கல் கலர், மண் கலர் கிட்டயே போகாதீங்க, குளிர் போயிடும்.

இப்ப பனி. மேசைல ஒரு மூலைய காத்து வர்ற திசைன்னு முடிவு பண்ணுங்க, எல்லா துண்டுக்கும் அதே திசை. பனி தட்டையான இடத்துல உக்காரும், செங்குத்தா இருக்குற சுவர்ல அவ்வளவா ஒட்டாது, காத்துக்கு மறைவான பக்கத்துல சுவர் அடியில குவியும். ஏற்காட்டுல பழைய காம்பவுண்ட் சுவரை பார்த்திருப்பீங்க, பாசி மேல் விளிம்புலயும் நிழல் பக்கமும் தான் தடிப்பா இருக்கும், ஒரே மாதிரி பரவாது, கிட்டத்தட்ட அந்த கணக்கு தான். மொத்த பரப்புல மூணுல ஒரு பங்குக்கு மேல வெள்ளை வேண்டாம், ஆளுங்க நடக்குற தெரு நடுவுல இன்னும் கம்மியா.

சேலத்துல வெள்ளைப் பொடிக்கு பஞ்சம் இல்ல, ஆனா எல்லாம் பனிக்கு ஆகாது. ஜவ்வரிசி மாவு, அரிசி மாவு ரெண்டும் எறும்புக்கும் பூஞ்சைக்கும் விருந்து. மாமாங்கம் பக்கம் வெட்டுற வெள்ளைக்கல்லை சூளைல சுட்டு அரைச்ச பவுடரும் வேண்டாம், அது ஈரத்தை இழுக்கும், காரம் வேற. பேக்கிங் சோடாவும் காரம் தான், ஈரம் பட்டா கரையும், பெவிகாலோட சேர்ந்து நாளானா மஞ்சளாகும், உங்களுக்கு நடந்தது அதான். நம்ம தெருவுல படியில அளந்து விக்கிற கல்லு கோலமாவு தான் பெஸ்ட், மலிவு, மஞ்சளாகாது. சலிச்சுட்டு ரெண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு வெள்ளை எமல்ஷன், அரைப் பங்கு பெவிகால், நீல ஸ்டெய்னர் குச்சி முனையில தொட்டு ஒரு துளி. பெவிகாலை கூட்டாதீங்க, வெளுப்பு பெயின்ட்ல இருந்து தான் வரணும். கெட்டித் தயிர் பதத்துல பழைய பிரஷ்ல குத்திக் குத்தி வைங்க, ஈரமா இருக்கும்போதே மேல காஞ்ச கோலமாவை டீ வடிகட்டில தூவுங்க. மாஸ்க் போட்டுக்கோங்க, கல்லுப் பொடி நுரையீரலுக்கு ஆகாது. ரெண்டு கோட் மெல்லிசா போடுங்க, ஒரே கோட்ல தடியா அப்பினா வெடிக்கும்.

உறைஞ்ச கால்வாய்க்கு ஓஹெச்பி ஷீட் (கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக் தாள்) எடுத்து அடிப்பக்கம் பெயின்ட் பண்ணுங்க, ஓரத்துல வெளிர் நீலம், நடுவுல கருநீலம், மேல வெறும் பளபளப்பு போதும். பனி ஊசி தொங்கணும்னா பலர் ஹாட் க்ளூவை இழுத்து விடுவாங்க, ஆனா சேலம் வெயில்ல நிறுத்தின கார் டிக்கில அது தொய்ஞ்சுடும். பொம்மை பேக்கிங்ல வர்ற தெளிவான பிளாஸ்டிக்கை ஊசி ஊசியா வெட்டி ஒட்டுங்க, கூரை விளிம்புல சில இடத்துல மட்டும்.

கடைசியா ஏற்காடு. 1,500 மீட்டர் உயரத்துல மூடுபனி வீட்டுக்குள்ளயே வரும், பெவிகால் ஈரத்துல இளகும். அதனால எல்லாத்துக்கும் மேல வாட்டர் பேஸ்டு மேட் வார்னிஷ் ரெண்டு கோட் அடிச்சு, கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே சேலத்துலயே நல்லா காய விடுங்க. அடித்தளத்துக்கு 3 மிமீ எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்தி பண்ற பலகை) போட்டா ரெண்டு பக்கமும் பெயின்ட் பண்ணுங்க, ஒரு பக்கம் மட்டும் அடிச்சா ஈரத்துல வளையும். எந்த துண்டும் ஒரு ஏ4 பேப்பரை விட பெருசா வேண்டாம், பெட்டில பழைய துணி சுத்தி நிமிர்த்தி அடுக்குங்க, 20 கொண்டை ஊசி வளைவுலயும் பெட்டி உங்க மடியில இருக்கணும், மேல கேரியர்ல போடாதீங்க. எப்படியும் ரெண்டு மூலை உடையும், சின்ன டப்பால பனிக் கலவையும் ஒரு பிரஷ்ஷும் எடுத்துக்கோங்க, உடைஞ்ச இடத்துல ஒட்டிட்டு மேல பனி வெச்சா தெரியாது.