கேள்வி – பதில்: மெக்கானோவுக்கு முன் ஒரு வெண்ணெய்க் கணக்கு

கேள்வி: துளையிட்ட உலோகப் பட்டைகளைப் பூட்டி விதவிதமாகக் கட்டி விளையாடும் மெக்கானோ பொம்மையைக் கண்டுபிடித்த ஃபிராங்க் ஹார்ன்பியின் அப்பா மளிகைக் கடைக்காரர் என்று ஓரிடத்தில் படித்தேன். இன்னோரிடத்தில் இறைச்சி வியாபாரி என்று இருக்கிறது. எது சரி?

பதில்: இரண்டுமே சரியில்லை. ஜான் ஆஸ்வால்ட் ஹார்ன்பி லிவர்பூலில் 'ப்ரொவிஷன் மெர்ச்சன்ட்'. நம் ஊர் 'பிராவிஷன் ஸ்டோர்ஸ்' பலகையை நினைத்துக்கொண்டு மொழிபெயர்த்தால் மளிகை என்றுதான் வரும். அன்றைய பிரிட்டனில் தேயிலை, சர்க்கரை, மசாலாச் சாமான் விற்றவர் குரோசர். ப்ரொவிஷன் என்பது வெண்ணெய், பாலாடைக்கட்டி, உப்பிட்ட பன்றி இறைச்சி, பன்றிக் கொழுப்பு. அயர்லாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் இவை கப்பலில் வந்திறங்கிய துறைமுகம் லிவர்பூல்.

இறைச்சி வியாபாரி வேறு ஆள். 1899-இல் அப்பா இறந்து வியாபாரமும் மூடப்பட்ட பிறகு, டேவிட் ஹியூ எலியட் என்ற இறைச்சி இறக்குமதியாளரிடம் ஹார்ன்பி கணக்கெழுதப் போனார். முதலாளியை அப்பாவோடு குழப்பிவிட்டார்கள்.

கேள்வி: அப்பாவிடம் ஹார்ன்பி காசாளராக இருந்தாராமே. அந்த வியாபாரத்தில் கணக்கு அவ்வளவு சிக்கலானதா?

பதில்: ஆமாம், மூன்று அளவுகள் ஒன்றோடொன்று ஒட்டாது. 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. எடையிலோ 112 ராத்தல் (ஒரு ராத்தல் சுமார் 450 கிராம்) ஓர் அந்தர். விலை பேசுவது அந்தருக்கு, சில்லறையாகப் போவது ராத்தலுக்கு. எனவே ஒரு வாய்பாடு மனப்பாடமாக இருக்க வேண்டும்: ராத்தலுக்கு 1 பென்னி என்றால் அந்தருக்கு 9 ஷில்லிங் 4 பென்னி. இதில் தடுமாறினால் பேரேடு முழுக்கக் கோணும்.

அதைவிடப் பெரிய பொறி பீப்பாய் எடை. ஃபிர்கின் என்ற சிறு மரப் பீப்பாயில் 56 ராத்தல், அதாவது அரை அந்தர் வெண்ணெய். மொத்த எடையில் காலிப் பீப்பாயின் எடையைக் கழித்தால்தான் நிகர எடை. மரம் உப்புநீரை உறிஞ்சிக் கனத்துவிடும். 12 ராத்தல் என்று குறித்த பீப்பாய் 14 ஆகியிருந்தால், 40 பீப்பாயில் 80 ராத்தல் வெண்ணெய் வெறும் தண்ணீர். ராத்தல் 1 ஷில்லிங் விலைக்கு 4 பவுண்டு போச்சு. ஓரிரு பீப்பாயையாவது காலிசெய்து திரும்ப நிறுத்துப் பார்ப்பதுதான் இதற்கு மருந்து.

கேள்வி: அப்பாவின் பணத்தில்தான் பொம்மைத் தொழில் தொடங்கினாரா?

பதில்: இல்லை. காப்புரிமைச் செலவுக்கு எலியட்டிடம் 5 பவுண்டு கடன் வாங்கினார். 1901-இல் காப்புரிமை கிடைத்தது. மெக்கானோவின் முதல் பெயரான 'மெக்கானிக்ஸ் மேட் ஈஸி' பெட்டி 7 ஷில்லிங் 6 பென்னிக்கு விற்றது. அந்த விலைக்கு 13 பெட்டி விற்றால் 4 பவுண்டு 17 ஷில்லிங் 6 பென்னி. கடனுக்கு இன்னும் அரை கிரவுன், அதாவது 2 ஷில்லிங் 6 பென்னி பாக்கி நிற்கும். அதுவும் தகடு, பெட்டி, கூலி எதையும் கழிக்காமல்! எலியட் பிறகு கூட்டாளியுமானார். தன் அலுவலகத்தின் பக்கத்திலேயே பட்டறைக்கு இடமும் கொடுத்தார். மெக்கானோ என்ற பெயர் 1907-இல் வந்தது. மறு ஆண்டு மெக்கானோ லிமிடெட்.

கேள்வி: வெண்ணெய் வியாபாரத்திலிருந்து பொம்மை யோசனை பிறந்தது எனலாமா?

பதில்: அப்படி முடிச்சுப் போடுவது நமக்குச் சம்மதமில்லை. யோசனை வீட்டில் பிறந்தது. மகன்களுக்காகத் தகட்டை வெட்டிப் பாலமும் பளுதூக்கியும் செய்தார். ஒவ்வொரு துண்டும் ஒரே பொம்மைக்குத்தான் பொருந்தியது; அடுத்ததற்கு மறுபடி வெட்ட வேண்டியிருந்தது. அரை அங்குல அகலப் பட்டை, அரை அங்குல இடைவெளியில் துளை என்று முடிவானதும் எந்தப் பட்டையும் எதனோடும் சேர்ந்தது. பொறியியல் படிக்காத ஒருவர் செய்த வேலை இது.

கேள்வி: டிங்கி என்ற சின்ன உலோகப் பொம்மைக் கார்களும் இவர் கம்பெனிதானா?

பதில்: ஆம். 1933-இல், அதே கம்பெனியின் பொம்மை ரயிலான ஹார்ன்பி ரயிலுக்குத் துணைப் பொம்மைகளாக வேறு பெயரில் வந்தன. டிங்கி என்ற பெயர் 1934-இல்.