பழைய மாஸி ஃபெர்குசன் 135: பெட்ரோலா, டீசலா?

கேள்வி: கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தின் லிண்ட்சே அருகே எட்டு ஏக்கர் வாங்கியிருக்கிறோம். நான்கு ஏக்கர் புல் வெட்டவும், குளிர்காலத்தில் பனி தள்ளவும் பழைய டிராக்டர் ஒன்று வேண்டும். ஆண்டுக்கு ஐம்பது, அறுபது மணி நேரம் ஓடினாலே அதிகம். இரண்டு மாஸி ஃபெர்குசன் 135 பார்த்திருக்கிறோம். பெட்ரோல் வண்டி 4,200 டாலர், டீசல் 5,800. எங்கள் ஷெட்டில் கரண்ட் இல்லை. எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் கடைசி வரியிலேயே பாதி விடை இருக்கிறது. ஆனால் முதலில் எரிபொருள் கணக்கைப் பார்த்துவிடுவோம், டீசல் பக்கம் பலரை இழுப்பது அதுதான்.

இரண்டுக்கும் பலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பெட்ரோல் 135 பி.டி.ஓ.வில் (பின்னால் பூட்டும் கருவியைச் சுழற்றும் தண்டில்) ஏறத்தாழ 35 குதிரைத்திறன், டீசல் 38. ஐந்தடி புல்வெட்டியை இரண்டும் இழுக்கும். அடர்ந்த புல்லில் ஆர்.பி.எம். இறங்கும்போது டீசல் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், பெட்ரோலுக்கு ஒரு கியர் குறைக்க வேண்டியிருக்கும். நடுத்தர வேலையில் பெட்ரோல் எஞ்சின் மணிக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர் வரை கூடுதலாகக் குடிக்கும். உங்கள் 55 மணி நேரத்துக்கு அது சுமார் 150 லிட்டர். லிட்டர் ஒன்றரை டாலர் என்றால் ஆண்டுக்கு 225 டாலர். டீசலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் 1,600 டாலர் திரும்பிவர ஏழு ஆண்டு. நடுவில், டீசலை அழுத்தத்தோடு சிலிண்டருக்கு அனுப்பும் இன்ஜெக்ஷன் பம்ப்பை ஒரு முறை கழற்றி ரிப்பேருக்கு அனுப்பினால் அத்தனை சேமிப்பும் போய்விடும். ஆண்டுக்கு 200 மணி நேரம் ஓட்டுபவராக இருந்தால் இரண்டே ஆண்டில் கணக்கு நேராகிவிடும், அவருக்கு நான் டீசலைத்தான் சொல்வேன். டீசல் 135-க்கு மறுவிற்பனை மதிப்பு நன்றாக இருக்கும் என்பதும் உண்மை. கூடுதலாகப் போட்ட பணத்தில் பெரும்பகுதி விற்கும்போது கையில் வரும்.

இனி குளிர். டீசல் 135-இல் இருப்பது பெர்கின்ஸ் ஏ.டி.3.152, மூன்று சிலிண்டர், நேரடி இன்ஜெக்ஷன். தமிழ்நாட்டில் சிம்சன் எஞ்சின் பூட்டிய டாஃபே வண்டிகளைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தக் குடும்பத்துச் சத்தம் தெரிந்திருக்கும். உழைப்பாளி எஞ்சின். ஆனால் மைனஸ் இருபதில் விடிகாலையில் எழுப்ப பிளாக் ஹீட்டர் (எஞ்சினைச் சூடாக்கும் மின் ஹீட்டர்) வேண்டும், அதை இரண்டு மூன்று மணி நேரம் முன்பே கரண்டில் மாட்டியிருக்க வேண்டும். காற்று உள்ளே போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் உள்ள தெர்மோஸ்டார்ட் உதவும். அது சிறிது டீசலைச் சூடாக்கி எரியவிட்டு உள்ளே போகும் காற்றைச் சுடவைக்கும். மிதமான குளிருக்கு அது போதும், கடும் குளிருக்குத் தனியாகப் போதாது. அது வேலை செய்யும் எஞ்சினில் குளிரில் ஸ்டார்ட் பண்ண அடிக்கும் ஈதர் ஸ்ப்ரேயைத் தொடவே கூடாது. நெருப்பும் ஈதரும் மேனிஃபோல்டுக்குள் சந்தித்தால் வெடிக்கும். அக்டோபரில் ஊற்றிய கோடை டீசலை டாங்கில் விட்டுவைப்பதும் தவறு, ஜனவரியில் மெழுகாகி ஃபில்டரை அடைத்துவிடும். நவம்பருக்குள் குளிர்கால டீசலுக்கு மாற வேண்டும்.

பெட்ரோல் எஞ்சின் நல்ல பாட்டரி, 10W-30 ஆயில், சோக் இவை இருந்தால் அந்தக் குளிரிலும் எழும். கரண்ட் இல்லாத ஷெட்டுக்கு என் விடை பெட்ரோல்தான். ஷெட்டுக்கு ஒயர் இழுக்கும் திட்டம் இருந்தால் மறுபடி யோசிக்கலாம்.

ஆனால் எரிபொருளைவிட அந்தக் குறிப்பிட்ட வண்டியின் நிலைதான் பெரிது. தேய்ந்த பெட்ரோல் வண்டிக்கும் நல்ல டீசல் வண்டிக்கும் இடையே என்றால் நல்லதையே எடுங்கள். போகும்முன் விற்பவரிடம், “நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்” என்று சொல்லுங்கள். போனதும் எஞ்சின் பிளாக்கில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அமெரிக்க, கனடியப் பெட்ரோல் 135-களில் கான்டினென்டல் இசட்145 என்ற நான்கு சிலிண்டர் எஞ்சின் உண்டு, பெர்கின்ஸ் பெட்ரோல் எஞ்சினும் உண்டு. கான்டினென்டல் என்றால் அதன் சிலிண்டர் ஸ்லீவை (பிஸ்டன் ஓடும் உள்குழாயை) சுற்றி நேரடியாகத் தண்ணீர் ஓடும். அடியிலுள்ள ரப்பர் வளையம் பழுதானால் கூலன்ட் ஆயிலில் இறங்கும். இரவு முழுக்க நின்ற வண்டியில், விற்பவர் சம்மதத்தோடு, ஆயில் டிரெயின் பிளக்கை மெல்லத் தளர்த்துங்கள், முழுதாகக் கழற்ற வேண்டாம். தண்ணீர் கனமானது, அடியில்தான் தங்கும். முதல் சொட்டுகள் ஆயிலாக இருந்தால் நிம்மதி. பச்சையாகவோ வெறும் நீராகவோ வந்தால் வேறு வண்டி பார்க்கலாம். பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் கேஜ் வைத்துக் கம்ப்ரெஷன் (அழுத்தம்) பாருங்கள். கேஜ் காட்டும் அளவைவிட நான்கு சிலிண்டருக்கும் இடையிலான வித்தியாசம் முக்கியம். ஒன்று மட்டும் குறைவாக இருந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள்: ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கெட்.

மற்றபடி பெட்ரோல் வண்டியின் தொல்லைகள் மலிவானவை. பாயின்ட், கண்டென்சர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டர், பிளக் எல்லாம் சேர்த்தாலும் நூறு டாலரை ஒட்டித்தான் வரும், ஒரு மாலையில் நீங்களே மாற்றலாம். கார்புரேட்டரில்தான் கவனம் வேண்டும். பெட்ரோல் டாங்கிலிருந்து தானாக இறங்கும் அமைப்பு என்பதால் பெட்ரோல் வரத்தை அடைக்கும் மிதவை ஊசி தேய்ந்தால் டாங்க் முழுக்கத் தரையில் வடிந்துவிடும். எஞ்சினை நிறுத்தியதும் பெட்ரோல் குழாயை மூடும் பழக்கத்தை முதல் நாளிலேயே தொடங்குங்கள். ஒன்டாரியோ ரெகுலர் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கும், அது ஈரத்தை இழுக்கும். ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் குழாயை மூடி, எஞ்சின் தானே அணையும்வரை ஓட்டிக் கார்புரேட்டரைக் காயவிடுங்கள். டாங்க் எஞ்சினுக்கு மேலேயே இருக்கிறது, சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்ற வேண்டாம். ஈயம் கலக்காத பெட்ரோல் வால்வ் இருக்கையைத் தின்னுமே என்ற பயம் முழு லோடில் நாள் கணக்கில் ஓட்டுபவருக்கு உரியது. நீங்கள் ஆண்டுக்கு ஒரு முறை வால்வ் இடைவெளியை மேனுவல்படி சரிபார்த்தால் போதும்.

டீசலைப் பார்ப்பதாக இருந்தால் டிப்ஸ்டிக்கில் தொடங்குங்கள். ஆயில் குறிக்கு மேலே நின்று, தண்ணீர் மாதிரி ஓடி, டீசல் வாடை வீசினால் இன்ஜெக்ஷன் பம்ப்புக்கு டீசல் அனுப்பும் ஃபீட் பம்ப்பின் டயஃப்ரம் (சவ்வு) கிழிந்திருக்கும், அல்லது இன்ஜெக்ஷன் பம்ப்பின் முன் சீல் போயிருக்கும். முதலாவது மலிவு, இரண்டாவது அப்படியல்ல. ஸ்டார்ட் ஆனதும் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வரலாம், சூடான பிறகும் நிற்காவிட்டால் கம்ப்ரெஷன் குறைவு என்று சந்தேகிக்கலாம். ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், புகை வேகமாக மூச்சுவிட்டால் ரிங் போய்விட்டது. ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் தள்ளிப் பட்டென்று இறக்குங்கள். ஆர்.பி.எம். தயங்கித் தயங்கி இறங்கினாலோ, ஸ்டாப் நாப்பை இழுத்தும் அணைய மறுத்தாலோ சி.ஏ.வி. கம்பெனியின் இன்ஜெக்ஷன் பம்ப்புக்குள் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் வால்வ் சிக்கிக்கொள்கிறது. அந்த நிலையில் வாங்காதீர்கள், ஒருநாள் எஞ்சின் தறிகெட்டு ஓடும்.

டீசல் வைத்திருப்பவர் ஏர் எடுக்க, அதாவது டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற, தெரிந்துகொள்ள வேண்டும். டாங்க் வற்றினாலோ ஃபில்டர் மாற்றினாலோ காற்று புகுந்துவிடும். ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்ப் கைப்பிடியை அடித்து, குமிழில்லாமல் டீசல் வந்ததும் மூடவும். அடுத்து இன்ஜெக்ஷன் பம்ப்பின் பக்கவாட்டு ஸ்க்ரூ, பிறகு மேல்மூடி ஸ்க்ரூ. கடைசியாக இரண்டு இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தி, ஆக்ஸிலரேட்டரை முழுதாக வைத்து, செல்ஃப் அடித்து, டீசல் தெறித்ததும் இறுக்கவும். தெறிக்கும் டீசலுக்கு நேரே கையை நீட்ட வேண்டாம். கைப்பிடி அடிக்கும்போது அழுத்தமே இல்லாமல் தொளதொளவென்று இருந்தால் பம்ப் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். பம்ப்பை இயக்கும் கேம் அதன் மேட்டுப் பக்கத்தில் நிற்கிறது, அவ்வளவுதான். எஞ்சினை ஒரு சுற்று திருப்பினால் சரியாகிவிடும்.

இன்னும் இரண்டு விஷயம், இவை எரிபொருளைவிட உங்களுக்கு முக்கியம். ஸ்னோ ப்ளோயர் பூட்டப்போகிறீர்கள் என்றால் இரண்டு கட்ட கிளட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். பாதி மிதித்தால் வண்டி நிற்க வேண்டும், பி.டி.ஓ. சுற்ற வேண்டும். ஒற்றை கிளட்ச் வண்டியில் கிளட்ச் மிதித்ததும் ப்ளோயரும் நின்றுவிடும், கனத்த பனியில் வேலை ஓடாது. கிளட்ச் மிதிக்காமலே ஹை, லோ மாற்றும் மல்டி-பவர் கியர் உள்ள 135-இல் லோ நிலையில் எஞ்சின் பிரேக்கிங் கிடையாது. சரிவில் இறங்கும்முன் ஹை நிலைக்கு மாற்றிவிடுங்கள்.

விளம்பரங்களில் மாஸி 35 டீசலும் மலிவாகக் கண்ணில் படும். மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் என்றால் தாராளமாகப் போய்ப் பாருங்கள். நான்கு சிலிண்டர் ஸ்டாண்டர்ட் 23சி என்றால் உங்கள் ஊர்க் குளிருக்கு வேண்டாம். குளிரில் ஸ்டார்ட் ஆகாது என்று பெயரெடுத்த எஞ்சின் அது.