தூரை விட்டால் தோப்பாகும்: செட்டிநாட்டு வாசகர் கேள்விகள்

தேவகோட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் புஞ்சை இருக்கிறது. பத்து வருடமாகத் தரிசு. இரண்டு முறை சீமைக்கருவேலத்தை வெட்டினோம். முன்பைவிட அடர்த்தியாக வந்துவிட்டது. மருந்து ஊற்றலாமா?
– வாசகர், சென்னை

வெட்டியதால்தான் அடர்த்தியானது. இந்த மரம் துளிர்க்கும் மொட்டுகள் தரைக்குக் கீழே, தண்டும் வேரும் சேரும் கழுத்தில் இருக்கின்றன. தரையோடு அறுத்தால் ஒரு தண்டு நின்ற இடத்தில் ஐந்தாறு கிளம்பும். கழுத்துக்குக் கீழே, சுமார் ஓரடி ஆழத்தில் வேரை அறுத்துத் தூரை, அதாவது கழுத்தோடு சேர்ந்த அடிக்கட்டையை, வெளியே எடுத்துவிட்டால், மண்ணில் மிஞ்சும் வேர் பெரும்பாலும் துளிர்ப்பதில்லை.

ஜேசிபி வைத்தாலும் இதைச் சொல்லித்தான் வேலை வாங்க வேண்டும். வாளியால் தள்ளிக்கொண்டே போனால் தண்டு தரைமட்டத்தில் ஒடியும், தூர் மண்ணுக்குள் புதையும். நிலம் அன்றைக்குச் சுத்தமாகத் தெரியும்; அடுத்த மழைக்குப் பச்சை கட்டிவிடும். வாளிப் பல்லைத் தூருக்கு அடியில் கொடுத்துத் தூக்கி எடுக்கச் சொல்லுங்கள். காய்ந்த சரளைச் செம்மண்ணில் வேர் பிடி விடாது. கோடை மழை ஒன்று பெய்து மண் இளகியதும் செய்வது நல்லது. மரத்தில் காய் பழுத்து உதிர்வதற்குள் முடித்துவிட வேண்டும்.

டீசல், உப்பு, அமிலம் என்று பலர் யோசனை சொல்வார்கள். ஒன்றிரண்டு தூர் சாகலாம். அந்த இடத்து மண்ணும் கெடும். மூன்று ஏக்கருக்கு அது வழியே அல்ல.

கரிமூட்டக்காரரிடம் மரத்தைக் கொடுத்தால் செலவில் ஒரு பகுதி திரும்பிவிடும். ஆனால் "தூரோடு எடுக்க வேண்டும்" என்பதை முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். அவருக்குத் தண்டு போதும். தூர் துளிர்த்தால் சில வருடத்தில் அவருக்கு அடுத்த வெட்டு கிடைக்கும். உங்களுக்கும் அவருக்கும் நோக்கம் வேறு.

அதன் பிறகுதான் உண்மையான வேலை. மண்ணில் கிடக்கும் விதை பல வருடம் உயிரோடு இருக்கும். ஐப்பசி மழையில் முளைத்ததை, ஒரு சாண் உயரத்தைத் தாண்டும் முன், மண் ஈரமாக இருக்கும்போதே கையால் பிடுங்க வேண்டும். குறைந்தது மூன்று வருடம் இப்படி. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: காய் தின்ற ஆட்டின் புழுக்கையில் விதை முளைக்கும் பக்குவத்தோடு வெளியே வரும். காய்ப்பருவத்தில் கிடை போட்டால் எருவோடு சேர்த்துக் கருவேலத்தையும் விதைத்தவர்கள் ஆவீர்கள். காய் ஓய்ந்தபின் கிடை அமர்த்துங்கள்.

சென்னையில் இருந்துகொண்டு வருடம் மூன்று முறை களை பிடுங்க முடியாது. நிலத்தை உள்ளூரில் ஒருவருக்கு வாரத்துக்கு விடுங்கள். எள்ளோ உளுந்தோ கேழ்வரகோ, ஆண்டுதோறும் ஏர் ஓடும் நிலத்தில் இது தலையெடுக்காது. அதுவும் இயலாது என்றால் மரம் வையுங்கள். சீமைக்கருவேலக் கன்றுக்கு நிழல் ஆகாது. ஏழு மீட்டருக்கு ஒன்று என்று முந்திரி வைத்தால் ஏக்கருக்கு 80 கன்று பிடிக்கும். வரப்பில் பனை, வேலியோரம் வேம்பும் புங்கமும். நிழல் விழும்வரை மட்டும் இடைவெளியை உழுதுகொண்டிருந்தால் போதும்.

எங்கள் கண்மாயை ஊரார் சேர்ந்து சுத்தம் செய்ய இருக்கிறோம். சீமைக்கருவேலம் காற்றின் ஈரத்தையே உறிஞ்சுகிறது, மாட்டை மலடாக்குகிறது என்கிறார்கள். எல்லா முள்மரத்தையும் எடுத்துவிடலாமா?
– வாசகர், கல்லல்

காற்றின் ஈரம், மாட்டு மலடு இரண்டுக்கும் ஆதாரம் இல்லை. கண்மாயின் உள்வாயில், அதாவது நீர் தேங்கும் பரப்பில், காடாக நின்று வண்டலைத் தேக்கிக் கொள்ளளவைக் குறைப்பதும், தண்ணீர் வந்து சேரும் வரத்துக்காலை அடைப்பதும் கண்ணெதிரே நடப்பவை. அகற்ற அந்தக் காரணங்களே போதும்.

முதலில் அனுமதி. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடமும், அதற்குக் கீழ் உள்ளது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். மரம் அரசுச் சொத்து. ஊர்க்கூட்டத் தீர்மானம் மட்டும் காப்பாற்றாது.

வேலையை வரத்துக்காலில் தொடங்குங்கள். அடுத்து மடை, மிகுநீர் வழியும் கலுங்கு. உள்வாய் கடைசி. கரையில் நிற்கும் மரங்களில்தான் ஆபத்து. வேரோடு பிடுங்கிவிட்டுக் குழியை அப்படியே விட்டால், கண்மாய் பெருகும்போது தண்ணீர் அந்த ஓட்டை வழியே கசிந்து கரையை உடைக்கும். குழிக்குள் அரையடிக்கு ஒரு படையாக மண் போட்டு, நீர் தெளித்து, திமிசு போட்டு இறுக்க வேண்டும். அன்றன்று தோண்டிய குழியை அன்றே மூடுங்கள்.

முள்மரம் எல்லாம் சீமைக்கருவேலம் அல்ல. நாட்டுக்கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை. காய் மணிமாலை போல இடையிடையே இறுகியிருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ விரல் நீளக் கதிர். நாட்டுக்கருவேலத்தைத் தொடாதீர்கள். பறவைகள் கூடு கட்டியிருந்தால் குஞ்சுகள் பறக்கும்வரை அந்தப் பக்கம் போக வேண்டாம். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூருக்குப் பக்கத்தில், வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டி, பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிக்காத ஊர்கள் உண்டு. நம் மாவட்டத்துக்கே பெருமை அது.

கானாடுகாத்தானில் பூர்வீக வீடு. வருடத்தில் இரண்டு தடவைதான் திறக்கிறோம். இரண்டாங்கட்டுக் கதவு நிலையில் கரையான் மண்கோடு ஏறியிருந்தது. மண்ணெண்ணெய் பூசினோம், அடுத்த நிலையில் வந்துவிட்டது.
– வாசகர், கோயம்புத்தூர்

கரையான் குடியிருப்பது மரத்தில் அல்ல, தரைக்குள். மரம் அதற்கு மேய்ச்சல் இடம். ஒரு வழியை மண்ணெண்ணெயால் மறித்தீர்கள், அது வேறு வழி பார்த்துக்கொண்டது. பர்மாத் தேக்கின் வைரம் பாய்ந்த நடுப்பகுதியை அது எளிதில் தின்னாது. ஓரத்து வெள்ளைப் பகுதியும், பிற்காலத்தில் மாற்றிய மட்ட மரமும்தான் அதற்கு இரை.

மண்கோட்டை உடனே தட்டிவிடாதீர்கள். கீழ்நோக்கிப் பின்தொடர்ந்து, தரையில் எந்த இடுக்கிலிருந்து எழுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அருகில் ஈரம் இருக்கும்: முற்றத்து நீர்த்தாரை அடைப்பு, சுவரோரம் அடுக்கிய விறகு, ஒழுகும் குழாய். ஈரத்தை நிறுத்தாமல் மருந்து மட்டும் வைப்பது பணத்தைத் தண்ணீரில் விடுவது.

பிறகு, சுவரும் தரையும் சேரும் இடத்தில் அடிக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளை. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் நடுவில் போட்டால் விரிசல் விடும். இரண்டு கல் சேரும் இணைப்பில் போடச் சொல்லுங்கள். இமிடாகுளோபிரிட் 30.5 எஸ்.சி. மருந்தை லிட்டருக்கு 2.1 மில்லி கலந்து, துளை குடிக்கும்வரை, அதிகபட்சம் ஒரு லிட்டர் செலுத்தி, வெள்ளை சிமெண்டால் மூடுங்கள். இதில் வாடை குறைவு. சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் தெளிக்க வேண்டாம், கறை நிற்கும். கிணறு இருக்கும் பக்கத்தை விட்டுவிடுங்கள். கையுறையும் முகக்கவசமும் கட்டாயம்.

பதினைந்து நாள் கழித்து மண்கோட்டில் ஓர் அங்குலம் உடைத்து வையுங்கள். இரண்டொரு நாளில் மூடியிருந்தால் புற்று இன்னும் உயிரோடு இருக்கிறது. மறுபடி துளை போட வேண்டும். மண்கோடே இல்லாமல், சிறு துளைகளிலிருந்து மாவுபோல் தூள் கொட்டினால் அது உளு, மரத்தைத் துளைக்கும் வண்டு. அதற்கு இந்த வைத்தியம் பயன்படாது, மரத்துக்குத்தான் மருந்து ஏற்ற வேண்டும்.

தென்னை ஓலையில் வெள்ளை ஈ. கீழ் ஓலை எல்லாம் கரி பூசியது போல் இருக்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்?
– வாசகர், சிங்கம்புணரி

அடிக்காதீர்கள். 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ இது. என்கார்சியா என்ற சிறு குளவி இதன் குஞ்சுக்குள் முட்டையிட்டு அழிக்கிறது. பூச்சிக்கொல்லி அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவி. வெள்ளை ஈ இன்னும் பெருகும். கூட்டுப்புழு கறுத்திருந்தால் குளவி வந்துவிட்டது என்று பொருள். அந்த ஓலைத் துண்டுகளை வெட்டி, குளவி இல்லாத மரங்களில் கட்டுங்கள்.

ஐந்தடிக்கு ஒன்றரை அடி மஞ்சள் பாலித்தீன் தாளில் விளக்கெண்ணெய் தடவி, ஏக்கருக்கு எட்டு இடத்தில் ஆறடி உயரத்தில் தொங்கவிடுங்கள். ஓலையின் அடிப்பக்கம் படும்படி விசைத்தெளிப்பானால் தண்ணீர் பீய்ச்சினாலே பாதி உதிரும். ஓலையில் கரிபோல் படிந்திருக்கும் கரும்பூசணத்துக்கு, லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் காய்ச்சிய கஞ்சியைத் தெளித்தால், காய்ந்ததும் செதிலாக உரிந்து விழும்.

மானாவாரிக் கடலையில் கம்பளிப்புழு ஒரே இரவில் வயலை மொட்டையடிக்கிறது. புழுவைக் கண்டதும் மருந்து அடித்தும் பயனில்லை.
– வாசகர், சாக்கோட்டை

வளர்ந்த புழுவின் மேல் அடர்ந்த மயிர் இருப்பதால் மருந்து சரியாகப் படாது. மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக இருந்தது, நல்ல மழை விழுந்ததும் அந்துப்பூச்சியாக வெளிவரும். அந்தச் சில இரவுகளில்தான் பிடிக்க முடியும். மழை பெய்த அன்றே இரவு ஏழு மணி முதல் பதினொன்று வரை விளக்குப்பொறி வையுங்கள். பக்கத்து வயல்காரர்களும் சேர்ந்து வைக்க வேண்டும். ஒருவர் மட்டும் வைத்தால் ஊர்ப் பூச்சியெல்லாம் அவர் வயலுக்கு வரும். அடுத்து இலையின் அடியில் முட்டைக் குவியலையும், சல்லடையாக அரிக்கப்பட்ட இலையில் கூட்டமாக இருக்கும் குஞ்சுப்புழுவையும் இலையோடு கிள்ளி எடுங்கள். ஓரத்தில் விதைத்த காராமணியும் ஆமணக்கும் பூச்சியை முதலில் இழுக்கும். தினம் அங்கேதான் தேட வேண்டும்.

புழு வயல்விட்டு வயல் நகரத் தொடங்கிவிட்டால், ஓரத்தில் ஓரடி ஆழம், முக்காலடி அகலத்தில் பக்கங்கள் செங்குத்தாக வாய்க்கால் வெட்டி, விழுந்ததைக் கொல்லுங்கள். சாய்வாக வெட்டினால் ஏறிப் போய்விடும். அறுவடைக்குப் பின் வரப்போரத்தையும் மரத்தடியையும் கோடையில் ஆழ உழுங்கள். கூட்டுப்புழு மேலே வந்தால் காக்கையும் மைனாவும் பொறுக்கிக்கொள்ளும்.